மனநிறைவும் வேலைத்திறனும்: வாழவந்தி நாடு தரும் பாடம்

ஊராட்சி என்பது மக்கள் கூடிப் பேசும் மன்றம் மட்டுமன்று. பலருக்கு வேலை கொடுக்கும் எசமானரும் அதுவே. இதனை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். விடியற்காலையில் குடிநீர்த் தொட்டியின் வால்வைத் திறப்பவர், தெருவைக் கூட்டிக் குப்பையைத் தரம் பிரிக்கும் தூய்மைக் காவலர், ஊராட்சிச் செயலர், பொது வேலைக்கு மண்வெட்டியும் கூடையும் ஏந்தி வரும் ஆண்களும் பெண்களும் என ஒவ்வோர் ஊரிலும் பொதுப் பணத்திலிருந்து கூலி பெறுவோர் பலர் இருக்கின்றனர். விவசாயப் பெருமக்களின் நிலையும் இதுவே. களையெடுக்கவும் காய் பறிக்கவும் நான்கு ஆட்களை அழைக்கும் சிறு விவசாயியும் அன்றைய பொழுதுக்கு ஓர் எசமானரே.

வேலை கொடுப்போர் யாவரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வேலை ஏன் மனம் வைத்து நடப்பதில்லை?" என்பதே அது. கேள்வி பிறந்தவுடன் விடையும் பிறந்துவிடுகிறது. "ஆட்களுக்கு அக்கறை இல்லை, கூலிக்கு மாரடிக்கிறார்கள்" என்று கூறி விடுகிறோம். இழவு வீட்டில் கூலி பெற்று மாரடிப்பவருக்குக் கண்ணில் நீர் வராது என்பதே அவ்வழக்கின் பொருள். ஆயினும், அந்த ஆள் வேலைக்கு வந்த முதல் நாளிலேயே மனமில்லாமல் வந்தாரா, அல்லது வேலை நடந்த விதத்தினால் அவர் மனம் வறண்டதா என்று நாம் ஆராய்வதில்லை. அதனை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

மிளகுத் தோட்டத்தில் எழுந்த கேள்வி

நாமக்கல் மாவட்டத்தில் காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் கொல்லிமலையை அடையலாம். அம்மலையின் பதினான்கு ஊராட்சிகளும் 'நாடு' என்றே பெயர் பெற்றவை. வாழவந்தி நாடு அவற்றுள் ஒன்று. மிளகும் காப்பியும் வாழையும் அன்னாசியும் பலாவும் மரவள்ளியும் விளையும் மலை அது. தை, மாசி மாதங்களில் மிளகு பறிப்பு மும்முரமாக நடைபெறும். அப்பருவத்தில்தான் ஆள் பற்றாக்குறையும் மிகுதியாகத் தோன்றும்.

அத்தகைய பருவமொன்றில் நாம் அங்கே சென்றிருந்தபோது ஒரு விவசாயி தம் குறையை எடுத்துரைத்தார். "போன வருசத்தைவிடக் கூலியைக் கூட்டித்தானுங்க கொடுத்தேன். அப்படியும் பாதிப் பறிப்பிலேயே ஆள் நின்றுபோச்சு. பக்கத்துத் தோட்டத்திலும் அதே கூலிதான். அங்கே மட்டும் வருசா வருசம் அதே ஆட்கள் வருகிறார்கள்" என்றார். அருகில் மிளகு உலர்த்திக் கொண்டிருந்த முதிய அம்மையார் ஒருவர் இதனைக் கேட்டு, "அங்கே ஏணி நல்ல ஏணிங்க. சாயங்காலமே காசு கைக்கு வந்துரும்" என்று இரண்டே சொற்றொடர்களில் விடை கூறிவிட்டார்.

உயர்ந்த மரத்தின்மேல் படர்ந்த கொடியில் ஏணி சாத்தி மிளகு பறிப்பது உயிரைப் பணயம் வைக்கும் தொழில். ஆட்டம் காணும் ஏணியின் மேல் நிற்பவரின் மனம் பாதி மிளகின்மீதும் பாதி தம் கால்மீதும் இருக்கும். மாலையில் கூலி கிடைக்குமா, நாளை வா என்பார்களா என்ற கவலையும் சேர்ந்தால் மிளகுக்கு எஞ்சும் மனம் எவ்வளவு? அந்த அம்மையார் கூறிய இரண்டு காரணங்களும் பெரிய பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சிகளால் உறுதி செய்யப்பட்டவை என்பதனைப் பின்னர்க் காண்போம். அதற்கு முன்னர், இம்மலையிலேயே நடந்த பெரியதோர் எடுத்துக்காட்டை நினைவு கூர்தல் நலம்.

உரலும் உலக்கையும் சொன்ன செய்தி

கொல்லிமலையில் சாமை, தினை, கேழ்வரகு ஆகியவையே முன்னாளில் அன்றாட உணவாக இருந்தன. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் இவற்றின் சாகுபடிப் பரப்பு வெகுவாகக் குறைந்தது. சேலம், நாமக்கல் பகுதிகளின் சேகோ ஆலைகளுக்கு மரவள்ளி விற்றால் ரொக்கம் கிடைத்தது ஒரு காரணம். நியாயவிலைக் கடையில் அரிசி கிடைத்தது மற்றொரு காரணம். இவை யாவரும் அறிந்தவை. ஆனால், வெளியே பேசப்படாத காரணம் ஒன்றும் இருந்தது. அது பெண்களின் தோள்வலி.

சாமையின் மேலுமி எளிதில் நீங்காது. ஒரு வேளைச் சோற்றுக்கு வேண்டிய சாமையை உரலில் இட்டு, உலக்கையால் மீண்டும் மீண்டும் குத்தி, புடைத்து, மறுபடியும் குத்தி எடுக்க வேண்டும். காட்டு வேலையை முடித்து வந்த பெண்ணே இதனையும் செய்தாள். அவ்வேலைக்குக் கூலியில்லை, பாராட்டுமில்லை, குடும்பக் கணக்கில் அதற்கு ஓர் இடமுமில்லை. அவள் சண்டையிடவில்லை, கோரிக்கை மனுவும் எழுதவில்லை. அரிசி கிடைத்தபோது உலக்கையைச் சுவரில் சாத்தி வைத்தாள். உண்போர் குறையவே சாமைக் காடும் சுருங்கியது.

இதனை உணர்ந்த டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானியங்களைக் காக்கும் பணியை இம்மலையில் மேற்கொண்டபோது, விதையைப் பற்றி மட்டும் பேசி நிறுத்திக்கொள்ளவில்லை. 2000ஆம் ஆண்டை அடுத்து வந்த காலத்தில், உமி நீக்கும் இயந்திரங்களும் மாவு அரைக்கும் இயந்திரங்களும் மலையூர்களில் நிறுவப்பட்டன. அவற்றை நடத்தும் பொறுப்பு மகளிர் சுயஉதவிக் குழுக்கள் போன்ற ஊர்க்குழுக்களிடமே விடப்பட்டது. பல மணி நேர உழைப்பு நிமிடங்களில் முடிந்தது. தானியத்தை மாவாகவும் ரவையாகவும் சத்துமாவாகவும் ஆக்கி விற்கும் தொழிலும் அதன்வழிப் பிறந்தது. முன்பு சுமையாக இருந்த அதே தானியம், அதே பெண்களின் கையில் வருவாய்க்குரிய பொருளாயிற்று.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் கூறவேண்டும். இயந்திரம் வந்தவுடன் சாமைக் காடுகள் அனைத்தும் திரும்பி வந்துவிடவில்லை. மரவள்ளி தரும் ரொக்கத்தை இயந்திரம் மட்டும் வென்றுவிட இயலாது. ஆயினும் இதனால் பெறும் பாடம் தெளிவானது. உழைப்பவரின் துன்பத்தைக் கணக்கில் சேர்க்காத வேலை நாளடைவில் நின்றே போகும். அது நிற்கும்போது ஓசைகூட எழாது.

ஆராய்ச்சிகள் கூறுவது யாது?

"மகிழ்ச்சியாக இருப்பவர் நன்றாக வேலை செய்வார் என்பது பேச்சுக்கு நன்று; கணக்குக்கு நிற்குமா?" என்று உறுப்பினர்கள் வினவக்கூடும். வினவுவதும் நியாயமே. உலகின் பல பகுதிகளிலும் இது அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது.

2001ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் திமோதி ஜட்ஜ் என்பாரும் அவருடைய தோழர்களும், அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி 54,417 ஊழியர்களைப் பற்றிய விவரங்களை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தனர். மனநிறைவுக்கும் வேலைத்திறனுக்கும் உள்ள தொடர்பு 0.30 என்று கண்டனர். இவ்வகைக் கணக்கில், தொடர்பே இல்லையெனில் பூச்சியம்; முழுத் தொடர்பெனில் ஒன்று. ஆகவே இத்தொடர்பு உண்மையானது, ஆனால் மிதமானது. மனநிறைவு ஒன்றினாலேயே வேலை சிறந்துவிடும் என்பாரும், அதற்கும் வேலைக்கும் சம்பந்தமேயில்லை என்பாரும் ஒருங்கே தவறு செய்கின்றனர்.

"நன்றாக வேலை செய்வதனால்தான் ஒருவர் மகிழ்கிறாரோ?" என்ற ஐயமும் எழலாம். அதுவும் ஓரளவு உண்மையே. விளைந்த கதிரைக் காணும் உழவனின் மகிழ்ச்சியை நாம் அறியோமா? ஆயினும் மகிழ்ச்சியிலிருந்து வேலைக்குச் செல்லும் வழியும் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் பிரிட்டிஷ் தொலைபேசி நிறுவனமொன்றின் விற்பனை ஊழியர்களை ஆறு மாத காலம் வாரந்தோறும் வினவி, 2019ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். மகிழ்ச்சியாக இருந்த வாரங்களில் அதே ஊழியர்களின் வேலைத்திறன் சுமார் 13 விழுக்காடு உயர்ந்திருந்தது. அவர்கள் கூடுதல் நேரம் உழைக்கவில்லை. இருந்த நேரத்தையே செவ்வனே பயன்படுத்தினர்.

இனி, மனநிறைவு எவ்வாறு உண்டாகிறது என்பதைப் பார்ப்போம். இனிப்பு வழங்குவதாலும் பொன்னாடை போர்த்துவதாலும் அது வந்துவிடுவதில்லை. மனத்தை வறளச் செய்யும் காரணங்களை நீக்குவதால் வருகிறது. அவற்றுள் நான்கு காரணங்கள் ஊராட்சியும் விவசாயியும் நீக்கக்கூடியவை.

முதலாவது: வீணான உடல் வருத்தம்

உழைப்பில் வருத்தம் இருந்தே தீரும். ஆனால், வேலைக்குப் பயன்படாத வருத்தமும் உண்டு. ஆடும் ஏணி, மழுங்கிய அரிவாள், கையுறையின்றிக் குப்பை அள்ளுதல், நிழலும் குடிநீரும் இல்லாத பணித்தளம் ஆகியவை இத்தகையன. பெங்களூர் ஆயத்த ஆடை ஆலைகளில் பழைய குழல் விளக்குகளை நீக்கி, வெப்பம் குறைவாக உமிழும் எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தினர். மின்சாரத்தை மிச்சப்படுத்துவதே அதன் நோக்கம். ஆனால், வெயில் மிகுந்த நாட்களில் தையல் வேலையும் முன்னைவிடக் கூடுதலாக நடந்தது என்று ஆராய்ந்தோர் கண்டனர். சற்றுக் குறைந்த புழுக்கமே வேலையாகக் கனிந்தது.

2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், பணித்தளத்தில் குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி ஆகியவை இருக்கவேண்டும் என்றும், ஆறு வயதிற்குட்பட்ட குழந்தைகள் ஐவரோ அதற்கு மேலோ உடன் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமிக்கவேண்டும் என்றும் வகுத்ததன் உட்பொருளும் இதுவே. மர நிழலில் குழந்தை அழும்போது தாயின் கையில் மண்வெட்டி ஓடாது. இதனைச் சலுகை என்று கருதுவோர் வேலையின் இயல்பை அறியாதோர் ஆவர்.

இரண்டாவது: காலத்தில் சேராத கூலி

ஒடிசா மாநிலத்தின் கிராமப்புறத்தில் நடந்த ஓர் ஆராய்ச்சி நம் போன்றோர் அனைவரும் அறியத்தக்கது. வேலை குறைந்த பருவத்தில், சாப்பாட்டுக் கடைகளுக்கு இலைத் தட்டு தைத்துத் தரும் வேலைக்குச் சுமார் 400 பேர் அமர்த்தப்பட்டனர். வேலை இரண்டு வாரங்கள். தைக்கும் தட்டின் எண்ணிக்கைக்கு ஏற்ற கூலி. சிலருக்குக் கூலி முழுவதும் கடைசியில் தரப்பட்டது. வேறு சிலருக்கு அதில் ஒரு பெரும்பகுதி இடையிலேயே தரப்பட்டது. மொத்தக் கூலியில் வேறுபாடு ஏதுமில்லை. இடையில் பணம் பெற்றவர்கள் அதன் பின்னர் சுமார் 7 விழுக்காடு கூடுதலாகத் தைத்தனர். அவர்களின் தையலில் பிழைகளும் குறைந்தன. ஏழ்மை மிகுந்தவர்களிடத்தே இம்மாறுதல் மிகுதியாகக் காணப்பட்டது.

இதன் காரணம் எளிது. கடன்காரருக்கு என்ன விடை சொல்வது, கடையில் எவ்வளவு பாக்கி என்று எண்ணிக்கொண்டே இருக்கும் மனம் தையலில் நிலைக்காது. பணம் கிடைத்ததும் கடன் சிறிது தீர்ந்தது, கவலை நீங்கியது, கண் ஊசியின்மேல் நின்றது. "சாயங்காலமே காசு கைக்கு வந்துரும்" என்று மிளகுக் களத்து அம்மையார் கூறியது இதனையே அன்றோ? வேலை உறுதிச் சட்டம் கூலியைப் பதினைந்து நாட்களுக்குள் தரவேண்டும் என விதித்திருந்தும், கூலி தாமதமான இடங்களில் வேலையின் தரமும் தாழ்ந்ததை நாம் கண்டிருக்கிறோம். அங்கே குறை கூறப்பட்டவர்கள் தாமதம் செய்தோர் அல்லர், தாமதத்தைச் சுமந்தோர்.

மூன்றாவது: கண்ணுக்குத் தெரியாத நியாயம்

அதே ஒடிசாவில் நடந்து 2018ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், ஒரே வகை வேலை செய்யும் சிறு குழுக்களில் சிலவற்றில் அனைவருக்கும் ஒரே தினக்கூலியும், சிலவற்றில் ஆளுக்கேற்ப வேறு வேறு கூலியும் தரப்பட்டன. தம்முடன் வேலை செய்பவர் கூடுதலாகப் பெறுகிறார் என்று அறிந்தவர்களின் வேலை குறைந்தது. அவர்கள் வேலைக்கு வரும் நாட்களும் குறைந்தன. வருகையில் மட்டும் 18 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைவு ஏற்பட்டது. வேலைக்கு வராத நாளுக்குக் கூலி இல்லை என்று தெரிந்தும் அவர்கள் வராமல் நின்றனர். தம் பணத்தை இழந்தேனும் மானத்தைக் காத்துக்கொண்டனர் எனலாம்.

ஆனால், இதில் கவனிக்க வேண்டியது மற்றொன்றும் உண்டு. எவர் எவ்வளவு வேலை செய்கிறார் என்பது எல்லாருடைய கண்ணுக்கும் தெளிவாகத் தெரிந்த இடங்களில், கூலி வேறுபாட்டினால் தீங்கொன்றும் விளையவில்லை. ஆகவே, மக்கள் வேறுபாட்டை வெறுப்பதில்லை. காரணம் தெரியாத வேறுபாட்டையே வெறுக்கின்றனர். பொது வேலையில் தோண்டிய குழியை அளக்கும்போது, அளவு நாடாவின் ஒரு முனையைத் தோண்டியவரிடமே கொடுத்து, அளவைக் கூவிச் சொல்லி எழுதினால் போதும். பாதி மனத்தாங்கல் அங்கேயே தீர்ந்துவிடும். வேண்டியவர்க்கு இலகுவான வேலையும் வேண்டாதவர்க்குக் கடினமான வேலையும் ஒதுக்கப்படும் ஊரில் எத்தனை மேற்பார்வையாளரை வைத்தாலும் வேலை சிறக்காது.

நான்காவது: செவி சாய்க்காமை

வேலையை நாள்தோறும் செய்பவருக்கே அதன் நுட்பம் தெரியும். ஆமதாபாத்திலுள்ள காலிகோ ஆலையில் 1952ஆம் ஆண்டில் தானியங்கித் தறிகளை நிறுவினர். இயந்திரம் புதிது; ஆயினும் உற்பத்தி எதிர்பார்த்தபடி உயரவில்லை. 224 தறிகளை 29 பேர் நடத்தினர். ஆனால் வேலையோ பன்னிரண்டு வகையாகத் துண்டாடப்பட்டிருந்தது. எந்தத் தறிக்கு எவர் பொறுப்பு என்பது எவருக்கும் தெளிவில்லை. 1953ஆம் ஆண்டில் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் என்பார், ஏழு பேர் கொண்ட ஒரு குழுவுக்கு 64 தறிகள் என முழுப் பொறுப்பாக விடலாம் என்ற யோசனையைக் கூறினார். தொழிலாளர்கள் அதனைத் தமதாக ஏற்று, தாமே குழுக்களை அமைத்துக்கொண்டனர். தறிகளின் திறன் 80 விழுக்காட்டிலிருந்து 95 விழுக்காட்டிற்கு உயர்ந்தது. பழுதான துணி 32 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைந்தது. தறியும் அதேதான்; ஆட்களும் அவர்களேதான்.

காது கொடுத்துக் கேட்பதற்கும் தனியே ஒரு பயன் உண்டு. 2016ஆம் ஆண்டில் பெங்களூரைச் சேர்ந்த ஷாஹி எக்ஸ்போர்ட்ஸ் ஆடை நிறுவனத்தில் கூலி உயர்ந்தபோது, உயர்வு எதிர்பார்த்த அளவு இல்லை என்று தொழிலாளர்கள் ஏமாற்றமடைந்தனர். அவர்களுள் ஒரு பகுதியினரிடம் மட்டும் வேலையையும் கூலியையும் மேற்பார்வையையும் பற்றிய கருத்து கேட்கப்பட்டது. அவ்வாறு கேட்கப்பட்டவர்களிடையே வேலையை விட்டு விலகுவோர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தனர். நம் கருத்தையும் கேட்டார்கள் என்பதே அங்கே ஒரு கூலியாயிற்று.

நாம் செய்த பிழை

பிறருக்குப் பாடம் கூறும் நாம், நம்முடைய பிழையையும் கூறுதல் கடமை. சில ஆண்டுகளுக்கு முன்னர் வேறோர் இடத்தில் பணியாற்றிய காலத்தில், ஒரு சிற்றூரில் குடிநீர் நேரத்தில் வருவதில்லை என்று பெண்கள் பலமுறை முறையிட்டனர். தொட்டி இயக்குபவருக்கு இருமுறை குறிப்பாணை அனுப்பினோம். பயனில்லை. மூன்றாம் முறை, வேலையிலிருந்து நீக்கிவிடலாம் என்ற எண்ணத்துடன், விடியுமுன்பே அவ்வூருக்கு நேரில் சென்றோம்.

அன்று இரவு மழை பெய்திருந்தது. மோட்டார் அறையின் கூரை ஒழுகி, ஸ்டார்ட்டர் பெட்டி நனைந்திருந்தது. அதைத் தொட்டால் மின்சாரம் தாக்கும். வெயில் ஏறிப் பெட்டி உலரும் வரை அவர் வெளியே குந்தியிருந்தார். இதனைச் சீர்செய்யுமாறு அவர் மும்முறை எழுதிக் கொடுத்ததாகக் கூறினார். அலுவலகம் திரும்பிக் கோப்பைப் புரட்டினோம். மூன்று கடிதங்களும் நம் அலுவலகக் கோப்பிலேயே இருந்தன. நாம் அனுப்பிய குறிப்பாணைகளின் நகல்களுக்குக் கீழே இருந்தன. இரண்டு மாதச் சம்பளமும் அவருக்கு நிலுவையில் இருந்தது.

மின்பணியாளருக்கு அரைநாள் வேலை. புதிய பெட்டி ஒன்று. காலடியில் விரிக்க இரப்பர் விரிப்பு ஒன்று. கூரைக்குத் தகடு இரண்டு. சம்பள நிலுவையும் அந்த வாரத்திலேயே தீர்க்கப்பட்டது. தண்ணீர் விடும் நேரத்தைத் தெருப் பெண்களுடன் கலந்து அவரே வகுத்துக்கொள்ளட்டும் என்று விட்டோம். மறு வாரம் முதல் தண்ணீர் நேரத்தில் வந்தது.

இதனினும் பெரிய செய்தி ஒரு மாதம் கழித்துக் கிடைத்தது. நிலத்தடிக் குழாய் ஓரிடத்தில் உடைந்து, ஏற்றும் நீரில் ஒரு பகுதி ஓடையில் கலந்துகொண்டிருப்பதை அவரே வந்து காட்டினார். எவ்வளவு நாளாகத் தெரியும் என்று வினவினோம். "ஒரு வருசமாத் தெரியுமுங்க. சொன்னா யார் கேட்கப்போறாங்கன்னு இருந்துட்டேனுங்க" என்றார். அவர் கூறிய அச்சொற்கள் இன்றும் நம் நெஞ்சில் இருக்கின்றன. மனம் நொந்த ஊழியர் வேலையை மட்டும் குறைப்பதில்லை. தம் அறிவையும் பூட்டி வைத்துவிடுகிறார். அந்தப் பூட்டின் சாவி நம்மிடமே இருந்தது.

இரண்டு மறுப்புகள்

"இவ்வாறு இடங்கொடுத்தால் சோம்பல் பெருகும்" என்பார் சிலர். மேலே கூறிய நான்கினுள் எதுவும் வேலையைக் குறைக்கச் சொல்லவில்லை. நல்ல ஏணி மிளகைக் குறைக்காது. உரிய காலத்துக் கூலி செலவைக் கூட்டாது. இவையெல்லாம் இருந்தும் வேலை செய்யாதவர் இருப்பின், அவரிடம் கண்டிப்புக் காட்டுவது முறையே. தம் பங்கை முதலில் செய்தவருக்குத்தான் கண்டிக்கும் உரிமையும் உண்டு. உழைப்பவரும் சோம்பியிருப்பவரும் ஒன்றாகவே நடத்தப்படுவது உழைப்பவருக்கு இழைக்கும் அநியாயமே ஆகும்.

"அப்படியானால் கூலி உயர்வு வேண்டாம், இன்சொல் போதும்" என்று முடிவு கட்டுவார் வேறு சிலர். இது மிகப் பெரிய தவறு. வயிற்றுக்குப் போதாத கூலியை இன்சொல்லால் நிரப்ப முடியாது. நியாயமான கூலி அடித்தளம். இந்நான்கும் அதன்மேல் எழும் சுவர்கள். மேலும், ஒரு முறை செய்துவிட்டு மறந்துவிடும் காரியமும் இதுவன்று. ஆமதாபாத் ஆலையிலேயே, பின்னாளில் குழுமுறையைக் கவனித்துப் பேணாத பிரிவுகள் பழைய நிலைக்கே திரும்பின என்பதும் பதிவாகியிருக்கிறது.

செய்யத்தக்கவை

இன்று பொறுப்பில் இருப்போரும், முன்னர் இருந்தோரும், இனி வரவிருப்போரும் கீழ்க்கண்டவற்றைத் தத்தம் ஊரில் முயன்று பார்க்கலாம்.

1. மாதம் ஒருமுறை ஊராட்சி ஊழியர் அனைவரையும் அமர வைத்து, "உங்கள் வேலையைக் கடினமாக்குவது எது?" என்று மட்டும் கேட்க வேண்டும். அன்று அவர்களைக் குறை கூறலாகாது. சொன்னவற்றை ஓர் ஏட்டில் எழுதி, அடுத்த மாதக் கூட்டத்தில் முதலாவதாக அந்த ஏட்டையே படிக்க வேண்டும்.

2. சம்பளம் வழங்கும் நாளைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். தாமதம் நேர்ந்தால் அதன் காரணத்தையும், பணம் வரும் நாளையும் ஊழியரிடம் முன்னதாகவே கூறிவிட வேண்டும்.

3. வேலை ஒதுக்கீடும் அளவெடுப்பும் எல்லார் முன்னிலையிலும் நடைபெற வேண்டும். கடினமான வேலை முறை வைத்து மாற வேண்டும்.

4. கையுறை, காலணி, ஏணி, விளக்கு போன்ற சிறு பொருள்களை ஆண்டுக்கு இருமுறை சரிபார்த்துப் பழுதானவற்றை மாற்ற வேண்டும். செலவு சிறிது, பயன் பெரிது.

5. உழைப்பாளர் நாளாகிய மே 1ஆம் தேதி கிராம சபை கூடும்போது, ஊருக்கு உழைப்போரைப் பாராட்டுவதோடு நில்லாமல், அவர்களையே பேசச் செய்தல் நன்று.

விவசாயிகளுக்கு ஒரு சொல்: பறிப்புப் பருவம் தொடங்குமுன் ஏணிகளைத் தாமே ஏறிப் பாருங்கள். கூலியை அன்றன்றே கொடுங்கள். இயலாதெனில் எந்த நாள் தருவீர்கள் என்பதை வேலைக்கு அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். எந்தக் கொடியை முதலில் பறிக்கலாம் என்று பறிப்பவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். உங்கள் வீட்டில் கூலியின்றி உழைக்கும் பெண்களின் வேலையையும் இக்கணக்கில் சேர்க்க மறவாதீர்கள். சாமைக் காட்டின் கதை அதனைத்தான் உணர்த்துகிறது.

முடிவுரை

மனநிறைவு வேலைத்திறனை வளர்க்கும் என்பதை இதுகாறும் கண்டோம். ஆயினும் வேலை நன்கு நடக்கும் என்பதற்காக மட்டும் ஒருவரை மகிழ்வித்தல் உழவு மாட்டுக்குத் தவிடு வைப்பதனை ஒக்கும். ஊராட்சியின் ஊழியர் அவ்வூரின் குடிமகனும் ஆவார்; அவர் பிள்ளை நம் பள்ளியில் படிக்கிறது; அவர் ஓட்டும் நம் பெட்டியில் விழுகிறது. ஊரின் நலம் என்று நாம் பேசும்போது, அந்த நலத்தில் அவர் நலமும் அடங்கியிருக்க வேண்டும். அவ்வாறு அடங்கும் ஊரில் வேலை நன்கு நடைபெறுவது வியப்பன்று.

கூட்டத்தில் கலந்துரையாடச் சில வினாக்கள்

1. நம் ஊராட்சியில் ஊதியம் பெறுவோர் எத்தனை பேர்? அவர்கள் அனைவர் பெயரையும் உறுப்பினர்கள் அறிவார்களா?

2. சென்ற ஓராண்டில் அவர்களுக்கு ஊதியம் எத்தனை முறை தாமதமாயிற்று? காரணம் அவர்களிடம் கூறப்பட்டதா?

3. ஊழியர் எழுதிக் கொடுத்து, இன்னும் விடை காணாத கடிதங்கள் நம் கோப்பில் உள்ளனவா?

4. நம் ஊரில் ஓசையின்றி நின்றுபோன வேலை அல்லது பயிர் எது? அது நின்றபோது யாருடைய வருத்தம் கணக்கில் சேராமல் இருந்தது?